எதிரில் நிற்பவர்மேல் விழும் கோபம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஓர் உணவகத்தில் சர்வராக இருக்கிறேன். சென்ற வாரம் சாப்பாடு வரத் தாமதமானதற்காக ஒருவர் தன் பிள்ளைகளின் முன்னால் என்னைக் கண்டபடி திட்டினார். தாமதம் சமையலறையில். சூப்பர்வைசர் வந்தார். என்ன நடந்தது என்றுகூடக் கேட்காமல் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அன்று இரவு தூக்கமில்லை.

விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறார்கள். போனில் பேசிக்கொண்டே ஆர்டர் சொல்லிவிட்டு, கொண்டுவந்து வைத்ததும் ‘இதையா கேட்டேன்?’ என்கிறார்கள். உடன் வேலை செய்பவர்கள் ‘இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடு’ என்கிறார்கள். என்னால் முடியவில்லை. எனக்குத்தான் ரோஷம் அதிகமா? இந்த வேலையை விட்டுவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

ரோஷம் அதிகமில்லை. செய்யாத தவறுக்கு, குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க, மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டால் யாருக்கும் தூக்கம் வராது. அதை உங்கள் குணத்தின் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் சமைப்பதில்லை. விலையை நிர்ணயிப்பதில்லை. எத்தனை மேசைகளை ஒருவர் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்வதும் நீங்களல்ல. ஒரே நேரத்தில் ஐந்து மேசைகள் நிரம்பினால் சமையலறை திணறும் என்பது முதலாளிக்குத் தெரியும், மாஸ்டருக்குத் தெரியும். உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அவர் கண்ணில் படும் ஒரே ஆள் நீங்கள். ஆகவே அந்தக் கட்டடத்தில் நடக்கும் அத்தனை பிழைகளும் உங்கள் வழியாகத்தான் அவரிடம் போய்ச் சேருகின்றன, அவருடைய கோபமும் உங்களோடு நின்றுவிடுகிறது. எதையும் மாற்றும் அதிகாரம் இல்லாதவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. இந்த வேலையின் உண்மையான கொடுமை இதுதான் என்று நினைக்கிறேன். கெட்ட வாடிக்கையாளர்கள் அதற்கு அடுத்தபடிதான்.

வில்லியம் ஃபுட் வைட் என்ற சமூகவியலாளர் 1940களில் சிகாகோ உணவகங்களில் ஆய்வு செய்து, 1948ல் அதை நூலாக்கினார். அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று, பரிமாறும் பெண்கள் ஏன் அழுதுவிடுகிறார்கள் என்பது. அவர் கண்டது உங்கள் கடிதத்தில் இருப்பதேதான். வாடிக்கையாளர், சமையல்காரர், மேற்பார்வையாளர் என்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டியிருப்பதன் நெருக்கடி. சமையல்காரர்களுக்கோ, தங்களைவிடக் கீழே இருப்பதாக அவர்கள் நினைத்த பெண்கள் வந்து ‘சீக்கிரம் போடு’ என்று சொல்வது பிடிக்கவில்லை. அந்த உரசல் தணிந்தது, ஆர்டர் சீட்டுகளை ஒரு கம்பியில் குத்திவைக்கும் ஏற்பாட்டினால். பெண்கள் குத்திவிட்டுப் போனார்கள், சமையல்காரர் எடுத்துச் செய்தார். நேருக்கு நேர் கட்டளை இல்லை, சண்டையும் குறைந்தது. எவருடைய குணத்தையும் யாரும் திருத்தவில்லை, வேலையின் அமைப்பைத்தான் கொஞ்சம் மாற்றினார்கள். உங்கள் சூப்பர்வைசர் இதை யோசிக்கவேண்டும்.

வைட் கவனித்த இன்னொன்று உங்களுக்கு நேரடியாக உதவும். நெருக்கடியிலும் உடையாமல் நின்றவர்கள், மேசையை முதலில் தாங்கள் கையில் எடுத்துக்கொண்டவர்கள். பழைய தட்டுகள் இன்னும் எடுக்கப்படாத மேசையில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், ‘இதைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே யார் பொறுப்பில் இருக்கிறார் என்பது அந்த நொடியிலேயே தெளிவாகிவிடும். சமையலறை தாமதிக்கிறது என்று தெரிந்ததும், அவர் கூப்பிடுவதற்கு முன்பே நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். கேட்டபிறகு சொல்லப்படும் காரணம் சாக்காகத்தான் காதில் விழும். போனில் பேசிக்கொண்டு ஆர்டர் தருபவரிடம், அவர் சொன்னதை அவருடைய சொற்களாலேயே திருப்பிச் சொல்லி, அவர் தலையசைத்தபிறகு நகருங்கள். நெதர்லாந்தில் ரிக் வான் பாரனும் உடன் ஆய்வாளர்களும் ஓர் உணவகத்தில் இதைச் சோதித்து 2003ல் வெளியிட்டார்கள். ஆர்டரை அப்படியே திருப்பிச் சொன்னபோது டிப்ஸ் கூடியது. எனக்கு டிப்ஸைவிட முக்கியம், ‘இதையா கேட்டேன்?’ என்பதற்கு இடமில்லாமல் போவது.

டிப்ஸ் பற்றியும் ஒரு சொல். டிப்ஸ் வைக்காமல் போனவரைப் பற்றி நினைத்து மருகாதீர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிகமிகச் சிறியது என்பதே அவர் கண்டது. உங்கள் உழைப்புக்கு அது மதிப்பெண் அல்ல.

‘இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடு’ என்பதை நான் ஏற்கமாட்டேன். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் விமானப் பணிப்பெண்களைப் பற்றி 1983ல் எழுதிய ஆய்வில், கத்தும் பயணியைக் குழந்தையாக நினைத்துக்கொள், அவர் வாழ்க்கையில் ஏதோ துயரம் நடந்திருக்கிறது என்று கற்பனை செய்துகொள் என்றெல்லாம் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டதைச் சொல்கிறார். அந்த நிமிடத்தைக் கடக்க அது உதவலாம். ஆனால் கோபத்தை விழுங்கிச் சிரிப்பதும் உழைப்புதான், தட்டு சுமப்பதைப்போலவே உடம்பைக் களைக்க வைக்கும் உழைப்பு. அதற்குக் கூலி இல்லை, ஓய்வும் இல்லை. இரவில் உங்களுக்குத் தூக்கம் வராமல் போனது அந்த உழைப்பின் மிச்சம். யாரிடமாவது சொல்லுங்கள். எனக்கு எழுதியது நல்லது.

இதை வாசிக்கிற, உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மற்றவர்களுக்கு: ஒவ்வொன்றாக நினைவு வந்து நான்கு தடவை கேட்டால் அது நான்கு நடை. சேர்த்துக் கேளுங்கள். ஆர்டர் சொல்லும் அந்த ஒரு நிமிடம் போனைக் கீழே வையுங்கள். தாமதமானால் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சமையலறையில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். ‘நீ என்ன செய்துகொண்டிருந்தாய்’ என்று ஆரம்பிக்காதீர்கள். மூடும் நேரத்துக்குச் சற்று முன் நுழைந்து நெடுநேரம் இருந்தால், அதற்குப்பின் துடைத்துப் பெருக்கி, நின்றபடியே தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப ஒருவர் காத்திருக்கிறார்.

வேலையை விடுவதா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த வாடிக்கையாளர் அல்ல, சூப்பர்வைசர். அவர் அந்த மேசையில் நின்று ‘தாமதம் எங்கள் சமையலறையுடையது, இவர்மேல் தவறில்லை’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நீங்கள் அன்று தூங்கியிருப்பீர்கள். கடையின் சார்பில் மன்னிப்புக் கேட்கவேண்டியவர் அவர்தான், அதற்குத்தான் அவருக்கு அந்தப் பதவி. அவரிடம் தனியாக, கூட்டமில்லாத நேரத்தில், இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்டால் இருங்கள். சிரித்துத் தள்ளிவிட்டால், தொழிலை விடவேண்டாம், அந்தக் கடையை விடுங்கள். அடுத்த இடத்தில் சேருவதற்கு முன், சம்பளத்தைக் கேட்டதும் இதையும் கேளுங்கள்: யாராவது சர்வரிடம் கத்தினால் இங்கே யார் மேசைக்கு வருவார்கள்? வந்து என்ன சொல்வார்கள்? அங்கே ஏற்கனவே வேலை செய்பவர்களிடமும் தனியாக விசாரியுங்கள்.

அன்புடன்