டாஹாவுக்குப் போகும் முன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஒன்பது வருடமாக நியூரம்பெர்க்கில் இருக்கிறோம். மகனுக்குப் பதினைந்து வயது. அடுத்த மாதம் பள்ளியிலிருந்து டாஹாவ் வதைமுகாமைப் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். பெற்றோர் கையெழுத்துக் கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. போன விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவனுடைய பெரியப்பா, "என்ன இருந்தாலும் ஹிட்லர் நல்ல நிர்வாகி, ரோடு போட்டான், எல்லாருக்கும் வேலை கொடுத்தான்" என்று பேசியிருக்கிறார். இவன் அதைச் சாப்பிடும்போது அப்படியே ஒப்பிக்கிறான். அப்புறம், "அத்தனை லட்சம் யூதர்கள் ஏன் ஓடிப்போகவில்லை? ஏன் திருப்பி அடிக்கவில்லை?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதாவது படம் போட்டுக் காட்டலாமா, பள்ளியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

ச., நியூரம்பெர்க்

அன்புள்ள ச.,

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். படத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

நான் சூடுபட்ட கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் யூதப் படுகொலை பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். மடிக்கணினியில் பிணக்குவியல் படங்களாக நிரப்பிக்கொண்டு போனேன். மூன்றாவது படத்தில் ஒரு மாணவி எழுந்து வெளியே போய்விட்டாள். பின்வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது, அது கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாத வயதின் சிரிப்பு. அந்தப் படங்களில் இருந்தவர்களுக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, சேட்டை இல்லை. கொன்றவர்கள் எந்தக் கோலத்தில் விட்டுப்போனார்களோ அதே கோலத்தில்தான் நானும் அவர்களைக் காட்டியிருந்தேன்.

இப்போது யாராவது கேட்டால் பெட்ர் கின்ஸ் என்ற பையனிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். 1928இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகாவில் (ப்ராக்) பிறந்தவன். அப்பா யூதர், அம்மா யூதர் இல்லை. கதை எழுதுவான், படம் வரைவான், நாட்குறிப்பு வைத்திருந்தான். 1941 செப்டம்பரில் யூதர்கள் எல்லாரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்று பள்ளிக்கு நடந்துபோகும் வழியில் நட்சத்திரம் குத்தியவர்களை எண்ணிக்கொண்டே போயிருக்கிறான். அறுபத்தொன்பது பேர். அவர்களுக்கு அவன் வைத்த பட்டப்பெயர் 'ஷெரீஃப்'. கௌபாய்க் கதையில் நெஞ்சில் நட்சத்திரத்தோடு வருவாரே, அவர்தான். அம்மா நூறு பேருக்கு மேல் பார்த்தாராம். பதின்மூன்று வயதுப் பையன் வேறு எப்படி எழுதுவான்?

பதினான்கு வயதில் அவனைத் தனியாகத் தெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரே கொட்டடியில் அடைபட்டிருந்த பையன்கள் 'வெடெம்' என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார்கள். பெட்ர்தான் ஆசிரியர். இருந்தது ஒரே பிரதி. வெள்ளிக்கிழமை இரவு அதைச் சத்தமாக வாசிப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். கட்டுரை தராதவர்களிடம் இவன் நச்சரித்தே வாங்குவான் என்று சொல்வார்கள் (எல்லாப் பத்திரிகை ஆசிரியர்களும் ஒரே ஜாதிதான்). 1944 இலையுதிர்காலத்தில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது பதினாறு. தெரெசினிலேயே தங்கிவிட்ட ஒரு பையன் பத்திரிகையின் எண்ணூறு பக்கத்தையும் மண்ணில் புதைத்துவைத்து, விடுதலைக்குப் பிறகு தோண்டி எடுத்தான்.

முகாமில் பெட்ர் ஒரு படம் வரைந்தான். நிலாவில் நின்று பார்த்தால் பூமி எப்படித் தெரியும் என்று. அதன் பிரதி ஒன்றை இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ரமோன் 2003இல் கொலம்பியா விண்கலத்தில் கூடவே எடுத்துப்போனார். ஆமாம், நம் கல்பனா சாவ்லா போன அதே கொலம்பியா. அது வெடித்துச் சிதறிய பிப்ரவரி 1, பெட்ரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளாக இருந்திருக்க வேண்டிய நாள். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். மீதியை அவனே தேடிப் படிப்பான்.

இந்த ஒரு பையன் மனதில் உட்கார்ந்தபிறகு சட்டங்களுக்கு வாருங்கள். 1935இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களுக்கு நீங்கள் வாழும் ஊரின் பெயர்தான். 1938 நவம்பர் 9 இரவு நாஜிகள் கைவரிசையில் யூதர்களின் ஜெபாலயங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. அதற்கு அபராதமாக நூறு கோடி மார்க்கை அடிவாங்கிய யூதர்கள் தலையிலேயே கட்டினார்கள். ஆறு நாள் கழித்து யூதப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளிலிருந்து மொத்தமாக நீக்கினார்கள். அடுத்த வருடம் ரேடியோ போனது. அதற்கடுத்து தொலைபேசி. 1942 மே மாதம், யூதர்கள் வீட்டில் செல்லப்பிராணி வைத்திருக்கக் கூடாது, வேறு வீட்டுக்குக் கொடுக்கவும் கூடாது என்றார்கள். டிரெஸ்டனில் விக்டர் கிளெம்பரர் என்ற பேராசிரியர் வீட்டில் ஒரு பூனை இருந்தது. அவர் மனைவி அதை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொல்லவேண்டி வந்தது. பூனையைப் பற்றிக்கூட எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து யோசித்து, தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். வகுப்பில் நட்சத்திரம் குத்தி நடித்துப் பார்க்கும் விளையாட்டும் எனக்கு ஒவ்வாதது. மணி அடித்ததும் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவனுக்கு அதில் என்ன புரியும்?

பெரியப்பாவோடு சண்டை வேண்டாம். வெள்ளைக்காரனுக்கு எதிரி நமக்கு நண்பன் என்று இருந்த தலைமுறையின் மிச்சம் அது. ரோடு கணக்கை மட்டும் சரிசெய்யுங்கள். கொலோனுக்கும் பானுக்கும் இடையே நெடுஞ்சாலையை 1932இலேயே கொலோன் மேயர் கொன்ராட் அடெனாவர் திறந்துவைத்துவிட்டார். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரியில். ஏப்ரலிலேயே யூத அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பச் சட்டம் வந்தது. ஒருவரைத் துரத்திவிட்டு அந்த நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைத்ததும் 'வேலை கொடுத்த' கணக்கில்தான் வரும்.

சரி, ஏன் ஓடவில்லை? ஓடினார்கள். 1933இல் ஜெர்மனியில் இருந்த சுமார் ஐந்து லட்சம் யூதர்களில் பாதிக்கு மேல் போர் தொடங்கும் முன்பே வெளியேறிவிட்டார்கள். பக்கத்து நாடுகளுக்குப் போனவர்களைத் துரத்திக்கொண்டு ராணுவம் வந்தது. தூரத்து நாடுகள் கதவைச் சாத்தின. விசா வரிசை எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டில் சொல்லித்தர வேண்டியதில்லை. 1939 மே மாதம் 'செயின்ட் லூயிஸ்' கப்பல் 937 பயணிகளோடு கியூபா போனது. பெரும்பாலானவர்களை இறங்க விடவில்லை, அமெரிக்காவும் சேர்க்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் பிறகு செத்தார்கள். கொல்லப்பட்ட அறுபது லட்சம் பேரில் பாதி, சுமார் முப்பது லட்சம் பேர், போலந்துக்காரர்கள். நாடே சிறையானபிறகு எங்கே ஓடுவது? திருப்பியும் அடித்தார்கள். வார்சா கெட்டோவில் (யூதர்களை மதில் போட்டு அடைத்துவைத்த பகுதி) 1943 ஏப்ரலில் கைத்துப்பாக்கியும் பெட்ரோல் குண்டும் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு மாதம் ஜெர்மன் படையோடு மோதியவர்களில் பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

டாஹாவ் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. 1933 மார்ச்சில் திறந்தபோது அங்கே அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள், தொழிற்சங்கத்தினர். நாற்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே செத்தார்கள். ஆனால் யூதர்களை ரயில் ரயிலாகக் கொண்டுவந்து கொன்ற இடங்கள் ட்ரெப்ளிங்கா, சோபிபோர், ஆஷ்விட்ஸ் என்று கிழக்கே இருந்தன. இது தெரியாமல் போனால் பையன் "இவ்வளவுதானா" என்று திரும்பி வருவான்.

போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவனோடு ஒரு நடை போய்வாருங்கள். உங்கள் தெருக்களில் நடைபாதையில் உள்ளங்கை அளவுக்குப் பித்தளைக் கற்கள் பதித்திருப்பார்கள். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை. ஒரு லட்சமாவது கல்லை 2023இல் உங்கள் ஊரில்தான் பதித்தார்கள். "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த வருடம், எப்போது எங்கே கொண்டுபோனார்கள் என்பது வரை இருக்கும். வெயிலிலும் மழையிலும் கறுத்துப்போயிருக்கும். ஒரு பழைய துணியும் கொஞ்சம் புளியும் எடுத்துப்போங்கள். குத்துவிளக்குத் தேய்க்கிற அதே முறைதான். அவனே தேய்க்கட்டும். எழுத்து தெரிய ஆரம்பித்ததும் பெயரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உச்சரிப்பு உங்களைவிட அவனுக்கு நன்றாக வரும்.