போனை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள்கூட வாட்ஸ்அப் வதந்தியை ஏன் நம்பிவிடுகிறார்கள்?

என் அம்மாவை வைத்தே சொல்கிறேன். போனில் அவருக்குத் தெரியாத வேலை குறைவு. ரீசார்ஜ், சிலிண்டர் பதிவு, பேரனோடு வீடியோ கால் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார்.

2018 மே மாதத் தொடக்கத்தில் ஆரணியிலிருந்து எனக்கு ஒரு ஆடியோ அனுப்பினார். பிள்ளை பிடிக்கிறவர்கள் நம் பக்கம் வந்துவிட்டார்கள், குழந்தைகளை வெளியே விடாதீர்கள் என்று ஒரு ஆண் குரல் பதறியது. எங்கள் தெருக்காரர் பேசுவது போலவே அதே ஊர்ப் பேச்சு. "யாரும்மா பேசறது?" என்று கேட்டேன். "உங்க அத்தைதான்டா அனுப்பினாங்க" என்றார்.

நான் கேட்டது பேசியவரை. அம்மா சொன்னது அனுப்பியவரை. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஊரில் சேதி எப்போதும் ஆளோடு சேர்ந்தே வரும். சொன்னவர் எந்த வீட்டுப் பிள்ளை, எங்கே கேட்டார் என்பது தெரியும். சந்தேகம் வந்தால் நடந்து போய் விசாரித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் மேலே தெரிவது அத்தையின் பெயரும் படமும். உள்ளே பேசுவது யாரோ. அத்தை மேல் உள்ள நம்பிக்கை மொத்தமும் அந்த யாரோவுக்குப் போய்விடுகிறது.

அதே மே 9-ஆம் தேதி, எங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத போளூர் பக்கம் அத்திமூரில், சென்னையிலிருந்து கோயிலுக்குக் காரில் வந்தவர்களை ஊரே கூடி அடித்தது. வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்தபோது அம்மா அனுப்பிய ஆடியோ என் போனில் அப்படியே இருந்தது. இன்றுவரை என்னால் அதை மறக்க முடியவில்லை.

அந்த நாட்களில் சுற்றிய ஒரு வீடியோவும் நினைவிருக்கும்: பைக்கில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, ஒரு வாசக அட்டையைக் காட்டுவதுதான் அதன் முடிவு. அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள்.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் 'ஃபார்வேர்டு' என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஆட்கள், குழுக்கள் எல்லாம் சேர்த்து 5-க்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடியும் செய்தது. 2020-இல், பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை ஒருமுறைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று ஆக்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் அந்த அடையாளம் போய்விடும். அப்புறம் அது அத்தையே எழுதியது போலத்தான் தெரியும்.

அதனால் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு கேள்வி: "பேசறது யாரு, உனக்கு அவங்களைத் தெரியுமா?" பிடித்துக்கொண்டார். முதல் தடவை குடும்பக் குழுவிலேயே கேட்டுவிட்டார். என்னைப் பொய்க்காரி என்கிறாயா என்று அத்தைக்குக் கோபம். ஒரு வாரம் பேச்சே இல்லை. குழுவில் அத்தனை பேர் முன்னால் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். இதை நான் யோசித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் அம்மா குழுவில் எதுவும் கேட்பதில்லை. சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கே போய்விடுகிறார். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து வந்த ஆடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்கிறார்கள்.