சர்க்கரை இல்லாத கோலா எப்படி இனிக்கிறது? சுகர் உள்ள அப்பாவுக்கு வாங்கித் தரலாமா?

தர்மபுரியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். பத்து ரூபாய் ஜீரோ கோலா உங்கள் தெருக் கடைக்கே வந்துவிட்டது, சுகர் இருக்கும் அப்பா ஆசைப்படுகிறார், கொடுக்கலாமா என்று. எப்போதாவது ஒன்று கொடுக்கலாம். தினசரிப் பழக்கமாக வேண்டாம்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பெங்களூரா மாம்பழ சீசனில் ரிஃப்ராக்டோமீட்டர் (சாற்றில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) கையை விட்டு இறங்காது. கூழை ஒரு சொட்டு வைத்தால் பிரிக்ஸ், அதாவது நூறு கிராமில் கரைந்த சர்க்கரையின் அளவு, 14-க்கு மேல் காட்ட வேண்டும். கேஸ் போன சாதாரண கோலாவை அதே கண்ணாடியில் விட்டால் 10, 11 காட்டும். ஜீரோ கோலாவை விட்டால் கோடு பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் இருந்த சர்க்கரையின் இடத்தில் சில பத்து மில்லிகிராம் இனிப்பூட்டிதான் இருக்கிறது. அப்படி ஓர் இனிப்பூட்டியான அஸ்பார்டேம் சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு.

இனிப்பைக் கொண்டுவருவது சுலபம். கஷ்டம் வேறு இடத்தில். சர்க்கரை பானத்துக்கு ஒரு கனம் கொடுக்கிறது. அதை எடுத்ததும் தண்ணீராக இறங்குகிறது. அஸ்பார்டேமின் இனிப்பு மெதுவாக ஏறி, நாக்கிலேயே தங்கிவிடும். இன்னோர் இனிப்பூட்டியான அசிசல்ஃபேம்-கே சட்டென்று இனிக்கும், பின்னால் ஒரு கசப்பு வரும். இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கிறது, மொத்த அளவும் குறைகிறது. லேபிளில் 951, 950 என்று இருப்பவை இவைதான்.

அமெரிக்காவில் இந்த வகைச் சோடா முதலில் வந்ததே உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்காகத்தான். 1952-இல் புரூக்ளினில் ஹைமன் கிர்ஷ் என்பவர் சுகர் நோயாளிகளை மனதில் வைத்து 'நோ-கால்' சோடாவைக் கொண்டுவந்தார். வாங்கியவர்களில் பெரும்பாலோர் உடல் இளைக்க நினைத்தவர்கள். கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. 1963-இல் கோக-கோலாவின் 'டேப்', 1982-இல் டயட் கோக். 'டயட்' என்றாலே பெண்கள் குடிப்பது என்று ஆண்கள் ஒதுங்கினார்கள். அதனால் 2005-இல் 'டயட்' என்ற பேச்சே இல்லாமல், கோக-கோலாவின் ருசிக்கு நெருக்கமாகக் கலந்து, கோக் ஜீரோ என்று இறக்கினார்கள். பிறகு வந்த கறுப்பு கேன் ஆண்களைக் குறிவைத்தது. நோயாளிக்கென்று பிறந்த பொருள் எல்லோருக்குமான பொருளாகிவிட்டது. எனக்கு வருத்தம் அதில்தான். 'ஜீரோ' என்றதும் கணக்கே பார்க்காமல் குடிக்கிறார்கள். பாஸ்பாரிக் அமிலமும் கஃபீனும் அப்படியேதான் இருக்கின்றன; பல்லுக்கு இதுவும் கெடுதல்.

புற்றுநோய் பயமும் இருக்கும். 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமை 'காரணமாக இருக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. ஆனால் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற வரம்பு மாறவில்லை. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட ஒரே நாளில் ஒன்பது கேனாவது குடிக்க வேண்டும். எப்போதாவது குடிக்கும் ஒரு பாட்டிலுக்கு நான் பயப்பட மாட்டேன்.

வாங்கும்போது வெயிலில் அடுக்கி வைத்த பாட்டிலை எடுக்காதீர்கள். சூட்டில் அஸ்பார்டேம் சிதைந்து இனிப்பு குறையும். குழந்தைகளுக்கு இது வேண்டாம். ஃபீனைல்கீட்டோனூரியா (அஸ்பார்டேமில் இருந்து வரும் ஃபீனைல்அலனைனை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத பிறவிக் குறைபாடு) உள்ளவர்கள் தொடவே கூடாது. பழம்தானே என்று பாட்டில் மாம்பழ ஜூஸ் கொடுப்பவர்களுக்கும் சொல்கிறேன்: எங்களைப் போன்ற இடங்களில் இருந்து போகும் கூழில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துத்தான் அது வருகிறது. அப்பாவுக்கு அது ஜீரோ கோலாவைவிட மோசம்.

இன்னொன்று, முக்கியமானது. அப்பா இன்சுலினோ மாத்திரையோ எடுத்து, சுகர் இறங்கி, வியர்த்துக் கை நடுங்கினால் அவசரத்துக்கு ஜீரோ கோலாவைக் கொடுத்துவிடாதீர்கள். ஏறுவதற்கு அதில் சர்க்கரையே இல்லை. நினைவோடு இருந்தால் உடனே மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.