கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்ப முடிகிறதா?

வாசகர் கேள்வி – பதில்

அறுபதைத் தாண்டியவர்கள் உடம்பைப் பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தோம். வன்னிக் கடிதங்கள்தான் கூடுதலாக வந்தன. பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எனக்கு 68 வயது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறேன். உடற்பயிற்சி செய்யச் சொல்லி மகன் ஒரே கரைச்சல். வயல்காரனுக்கு எதற்கு உடற்பயிற்சி? – வட்டக்கச்சி

கோபிக்க வேண்டாம் ஐயா, நான் மகன் பக்கம்தான். நீங்கள் இளந்தாரியாக இருந்தபோது செய்த வயல் வேறு, இப்போது செய்வது வேறு. மண்வெட்டியால் வரம்பு கட்டி, மாடு பிடித்து உழுது, அரிவாளால் வெட்டி, சூடு மிதித்து, தூற்றி, மூட்டையை முதுகில் ஏற்றிய உடம்பு அது. இன்றைக்கு உழவுக்கு ரக்டர், வெட்டுக்கு மெசின், வயலுக்குப் போகவும் மோட்டார் சைக்கிள். வரம்பில் நின்று பார்ப்பதும் ஆட்களோடு கதைப்பதும்தான் பெரும்பாலும் மிச்சம், ஆனால் சோற்றுக் கோப்பை மட்டும் அன்றைய அளவிலேயே இருக்கிறது. அத்தோடு காலபோகம் வெட்டி முடிந்து, சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் காணாத வருடமென்றால் மாதக்கணக்கில் விறாந்தைக் கதிரைதான். முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 வீதம் வரை தசை கரைகிறது, அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாக. சும்மா இருந்தால் அது இன்னும் கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இது: 65க்கு மேற்பட்டவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை ஓரளவு மூச்சு வாங்கும் வேலை, இரண்டு நாளாவது தசைக்கு வேலை, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி. முதலாவதை வேகமாக நடந்தாலே முடிக்கலாம். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான் வேகம். நம் ஆட்கள் விட்டுவிடுவது மற்ற இரண்டையும்.

அதற்கு ஒரு கதிரை போதும். பிளாஸ்டிக் கதிரை சீமெந்து நிலத்தில் வழுக்கும், ஆகவே முதுகுப்பக்கத்தைச் சுவரோடு முட்ட வையுங்கள். கதிரையின் முன்விளிம்பில் இருந்து, பாதத்தை முழங்காலுக்கு நேர் கீழே ஊன்றி, இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். மூக்கு முழங்காலைத் தாண்டுமளவு முன்னுக்குச் சாய்ந்து எழும்புங்கள். இருக்கும்போது பொத்தென்று விழக் கூடாது, மூன்று எண்ணுகிற நேரம் எடுத்து மெல்ல இறங்க வேண்டும், பலன் அந்த இறக்கத்தில்தான் கூட. முதல் கிழமை ஐந்து தரம், பிறகு பத்து, அப்புறம் சற்று ஓய்ந்து இன்னொரு பத்து. உங்கள் நிலைமையை அறிய ஆசையென்றால் மகனை மணிக்கூடு பார்க்கச் சொல்லி 30 செக்கனில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள் என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது வரையான ஆணுக்கு 12, பெண்ணுக்கு 11. அதற்குக் குறைந்தால் விழுகிற ஆபத்து கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

தடுமாற்றத்துக்கு, பல்லுத் தீட்டும்போது கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள், பிறகு மற்றக் கால். ஈரமான நிலத்தில் வேண்டாம்.

வயது 64, ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு முழங்காலும் நோ. நடந்தால் தேய்மானம் கூடும் என்று எல்லோரும் சொல்வதால் நடப்பதை விட்டுவிட்டேன். பார்மசியில் நோவுக் குளிசை வாங்கிப் போடுகிறேன். – வவுனியா

எல்லோரும் சொல்வது பிழை, அம்மா. தேய்ந்த முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை, நடக்காமல் விட்டால் அது மெலிந்து முழு நிறையும் மூட்டில் இறங்கும். பிறகு நோ கூடும், நோ கூடியதால் இன்னும் நடக்க மாட்டீர்கள். முதலில் கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, பெருவிரலை உங்கள் பக்கம் இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து. இரண்டு மூன்று கிழமை இதைச் செய்துவிட்டுப் பத்து நிமிட நடையில் தொடங்கலாம். பயிற்சி செய்யும்போது கொஞ்சம் நோவது பரவாயில்லை. அடுத்த நாளும் நொந்தாலோ வீங்கினாலோ அளவைக் குறையுங்கள். நிறை கூட என்றால் ஐந்து கிலோ குறைத்தாலே முழங்காலுக்குப் பெரிய ஆறுதல்.

எனக்குப் பயம் அந்தக் குளிசையில்தான். டைக்குளோபெனாக் மாதிரியான நோவுக் குளிசைகளை நாள்தோறும் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், வயிற்றில் புண் வரும். வவுனியாவின் சில பக்கங்களில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது. வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு இந்தக் குளிசையும் போடுவது நல்லதுக்கில்லை. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது என்ன குளிசை, எத்தனை மாதமாக என்பதை ஒளிக்காமல் சொல்லி, சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை ஒன்றும் கேளுங்கள்.

எனக்குச் சலரோகம். சீனியை விட்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் பிளேன்ரீ குடிக்கிறேன். சோற்றை விட்டு இரவில் குரக்கன் புட்டு. அப்படியிருந்தும் சீனி இறங்கவில்லையே? – புதுக்குடியிருப்பு

பனங்கட்டியும் சீனிதான் ஐயா, மன்னியுங்கள். கொஞ்சம் கனிப்பொருள் சேர்ந்திருக்கும், ஆனால் இரத்தத்தில் அது செய்கிற வேலை அதேதான். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து பிளேன்ரீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் 40 கிராம். சாதாரண ஆளுக்கே 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறார்கள். ஒரேயடியாக வெறும் தேத்தண்ணி இறங்காது என்பது எனக்கும் தெரியும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பாதிக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். இஞ்சியோ ஏலக்காயோ போட்டால் இன்னும் சுகம்.

குரக்கன் நல்லதுதான், ஆனால் நல்லது என்ற பெயரில் இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டு இறங்கினால் கணக்கு எங்கே போகும்? வெள்ளைச் சோறோ, தவிடு போகாத சிவப்பரிசிச் சோறோ, புட்டோ, இடியப்பமோ, எதுவானாலும் கோப்பையில் கால்வாசி. இன்னொரு கால்வாசி மீன், முட்டை, பருப்பு, பயறு, கௌபி. மிச்சப் பாதி முழுக்க மரக்கறியும் கீரையும். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை எல்லாம் வளவிலேயே நிற்கும்போது கடைக்குப் போகவும் தேவையில்லை. நம் வீடுகளில் சோறு மலை மாதிரியும் கறி ஓரத்தில் தொட்டுக்கொள்ளவும் இருக்கிறது, அதைத் தலைகீழாக்கினால் பசியும் தங்காது. கருவாட்டை மட்டும் எப்போதாவது என்று வையுங்கள். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும்.

சாப்பிட்டதும் படுக்காமல் வளவுக்குள் பத்து நிமிடம் நடவுங்கள், சீனி ஏறும் வேகம் குறையும். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்கிளசைட் மாதிரிக் குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகக் கூடாது, சீனி மட்டுமீறி இறங்கிவிடலாம். சட்டைப் பையில் இரண்டு டொபி இருக்கட்டும், வியர்த்து நடுங்கினால் உடனே வாயில் போட.

மாமிக்கு 75 வயது. ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் மெலிந்துகொண்டே போகிறா. காலையில் ஒரு பாண் துண்டு, மத்தியானம் இரண்டு பிடி சோறு, வெள்ளிக்கிழமை விரதம். வயது போனால் சாப்பாடு குறைவதுதானே நல்லது என்கிறா. முந்தி வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்தே போய் வந்தவ, இப்போது படலை மட்டும் போனாலே களைக்கிறா. – முள்ளியவளை

தங்கச்சி, மாமி அளவாகச் சாப்பிடவில்லை, காணாமல் சாப்பிடுகிறா. மெலிவது கொழுப்பு மட்டுமில்லை, தசையும்தான், படலைக்குப் போகக் களைப்பது பெரும்பாலும் அதனால்தான். வயது போனவர்களுக்கு ஒரு கிலோ நிறைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ என்றால் நாளுக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராமளவு என்று கணக்குப் பார்த்தால், பாண் துண்டு எந்த மூலைக்கு? பல்லுச் சரியில்லையென்றால் மெல்லத் தேவையில்லாததாகக் கொடுங்கள், பயற்றங்கஞ்சி, உழுத்தங்களி, முள்ளெடுத்த மீன் சொதி, அவித்த முட்டை. விரதத்தை விடச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம், அன்றைக்குப் பயறும் பாலும் சேருங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. காரணமில்லாமல் மெலிகிறவரை ஒருக்கால் ஆஸ்பத்திரியில் காட்டித்தான் ஆக வேண்டும். ஒரு வருத்தமும் இல்லை என்று நீங்களாகவே முடிவெடுக்காதீர்கள், சலரோகம், காசம், தைரொயிட், புற்றுநோய் எல்லாம் இப்படித்தான் சத்தமில்லாமல் தொடங்கும்.

கனடாவில் இருக்கும் மகள் கைமணிக்கூடு அனுப்பி நாளுக்கு 10,000 காலடி நடக்கச் சொல்கிறாள். 5,000 தாண்டவில்லை. ஏ9 வீதியில் விடிய நடக்கவும் பயம். – மாங்குளம்

10,000 என்பது 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்கப் பிடித்த எண். அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,000க்கும் மேற்பட்ட பெண்களை அவதானித்து 2019இல் வெளியான ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது, 7,500க்குப் பிறகு பெரிய வித்தியாசமில்லை. உங்கள் 5,000 மோசமில்லை. இருட்டில் ஏ9இல் பஸ்ஸும் லொறியும், உள்பாதையில் யானையும் நாயும். வெளிச்சம் வந்த பிறகு பாடசாலை மைதானத்தைச் சுற்றுங்கள். நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ கைக்கோ நோ பரவினாலோ, தலைசுற்றினாலோ இருந்துவிடுங்கள், நோ தங்கினால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

என் கணவருக்கு 61 வயது. 2009இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது, பொய்க்கால் போட்டிருக்கிறார். நிறை ஏறுகிறது, இப்போது சலரோகமும். இவரால் என்ன பயிற்சி செய்ய முடியும்? – விசுவமடு

நிறையச் செய்யலாம், அம்மா. ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் இரண்டை நிரப்பி, கதிரையில் இருந்தபடி தலைக்கு மேலே பத்துத் தரம் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். கைப்பிடியுள்ள மரக்கதிரை இருந்தால், பிடியை ஊன்றி உடம்பை ஒரு சாண் தூக்கி மெல்ல இறக்குவது கைக்கும் தோளுக்கும் நல்ல வேலை. யன்னல் கம்பியைப் பிடித்து வலது குதிகாலை உயர்த்தி இறக்கலாம். நாளுக்கு இரண்டு தரம் பத்துப் பதினைந்து நிமிடம் குப்புறப் படுக்க வேண்டும், எந்நேரமும் இருந்துகொண்டே இருப்பவர்களுக்கு இடுப்பு மடங்கியபடி இறுகிவிடும், பிறகு பொய்க்காலோடு நிமிர்ந்து நடக்க வராது.

சலரோகம் வந்துவிட்டதால் வலது காலை இனிக் கண் மாதிரிப் பார்க்க வேண்டும். வளவுக்குள்ளும் வெறுங்காலோடு போகக் கூடாது. பின்னேரம் கழுவித் துடைத்த பிறகு விரல் இடுக்கு, குதி எல்லாம் நீங்கள் பாருங்கள், இடது காலின் முனையைச் சிறு கண்ணாடி வைத்து அவரே பார்க்கலாம். சிவந்தோ உரசியோ இருந்தால் ஆறும்வரை பொய்க்கால் போட வேண்டாம். நிறை ஏறினாலும் இறங்கினாலும் பொய்க்காலின் பிடி மாறும், துணியை அடைத்துச் சமாளிக்காமல் அதைச் செய்து கொடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.