ஜெர்மனியில் கத்தோலிக்கப் பங்கு வாழ்க்கை: ஞாயிறை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

தங்கச்சி,

கொலோன் பக்கம் குடிவந்து நான்கு மாதமாகிறது, ஞாயிறு தவறாமல் குடும்பத்தோடு பூசைக்குப் போகிறோம், ஆனால் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோயிலில் பாதிக்கு மேல் வயதானவர்கள், இறுதிப் பாட்டு முடிவதற்குள் கலைந்துவிடுகிறார்கள், அன்பியம், மரியாயின் சேனை போன்ற கோயில் குழுக்களும் கோயில் வளாகத்துப் பேச்சுமாக இருந்துவிட்டு வந்த எங்களுக்கு இது வெறுமையாக இருக்கிறது, மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசைக்கு மட்டும் போனால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். சம்பளத்தில் பிடிக்கும் சபை வரியான கிர்ஹன்ஸ்டொயரிலிருந்து எழுதிக் கொடுத்து விலகிவிடலாமா என்று உங்கள் கணவர் கேட்பதையும் சொல்லியிருந்தீர்கள்.

நானும் தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்து வேர்விட்டவள்தான். மகன் இங்கேதான் பிறந்தான், இந்தக் கோயிலிலேயே பீடத்தில் உதவி செய்து வளர்ந்தான். அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: ஞாயிறு பூசையை வைத்து இங்குள்ள பங்கை, அதாவது கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தை, அளக்காதீர்கள். நம் ஊரில் பங்கு கூடுவதே ஞாயிற்றுக்கிழமைதான். இங்கே ஞாயிறு பூசைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் உரியது. பங்கு கூடுவது செவ்வாய் இரவும் புதன் மதியமும். முன்பின் தெரியாதவரிடம் வலியப் போய்ப் பேசினால் அவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்றுதான் இவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். உங்கள்மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. சேர்ந்து ஒரு வேலை செய்தால்தான் இங்கே பேச்சு தொடங்கும்.

அடுத்த ஞாயிறு கோயிலை விட்டு வெளியே வருமுன், பின்பக்க மேசையில் அடுக்கி வைத்திருக்கும் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கின் அறிவிப்புத்தாள் அது. எந்தக் கோயிலில் எத்தனை மணிக்குப் பூசை, யாருடைய வேண்டுதல் கருத்துக்கு என்பதெல்லாம் முதல் பக்கத்தில் இருக்கும். இப்போது நான்கைந்து கோயில்களைச் சேர்த்து ஒரே குருக்கள் குழுவிடம் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே நேரம் வாராவாரம் மாறலாம். சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு கடனைத் தீர்க்கும். உங்களுக்கு வேண்டியது அந்தத் தாளின் பின்பக்கம். அங்கேதான் வாரத்து நிகழ்ச்சிகள் இருக்கும்.

எங்கள் பங்கில் அது ஏறக்குறைய இப்படி. செவ்வாய் இரவு பாடகர் குழுவின் ஒத்திகை. புதன் காலை பெண்கள் அமைப்பின் பூசை, அது முடிந்ததும் ரொட்டியும் ஜாமும் காபியுமாகக் காலைச் சாப்பாடு. புதன் மதியம் முதியோர் கூடுகை. வெள்ளிக்கிழமை பீடச்சிறுவர், சிறுமியர் கூட்டம். அதில் பாதி நேரம் பயிற்சி, மீதி நேரம் விளையாட்டு. மே மாதமும் அக்டோபரும் ஜெபமாலை. தவக்காலத்தில் சிலுவைப்பாதை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் விடிவதற்கு முன் மெழுகுதிரி வெளிச்சத்தில் மட்டும் ஒரு பூசை வைப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். இது போகத் திருச்சபையின் உதவி அமைப்பான காரித்தாஸ் ஆட்கள், பழைய துணி வாங்கிக் கொடுக்கும் அறை, கோல்பிங் குடும்பம் என்று தனித்தனிக் குழுக்கள் உண்டு. அடோல்ஃப் கோல்பிங் என்ற குருவானவர் 1849ல் கொலோனில் கைத்தொழில் செய்யும் இளைஞர்களுக்காகத் தொடங்கிய சங்கம் அந்தக் கோல்பிங். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது.

எல்லாவற்றிலும் நுழைய வேண்டாம், ஒன்றைப் பிடித்தால் போதும். பாட்டு வருமென்றால் கண்ணை மூடிக்கொண்டு பாடகர் குழுவுக்குப் போங்கள். ஜெர்மன் சரளமாக வராதவர்களுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது, தாளில் எழுதியிருப்பதைப் பாடினால் போதும். பாட்டு வராதென்றால் முதியோர் கூடுகைக்குப் போங்கள். 'வயதானவர்கள் மட்டும்தானா' என்று நீங்கள் வருத்தப்பட்டிருந்தீர்கள். என்னை இந்த ஊரோடு சேர்த்து வைத்தது அந்த வயதானவர்கள்தான்.

எப்படி என்று சொல்கிறேன். மதியம் மூன்று மணிக்கு அவர்கள் வருவார்கள். இரண்டு மணிக்கே பங்கு மன்றத்தில் வேலை தொடங்கிவிடும். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, விரிப்பு விரித்து, தட்டு, கிண்ணம், சின்ன முள்கரண்டி, மடித்த காகிதத் துணி என்று ஒவ்வொரு இடத்துக்கும் வைக்க வேண்டும். கேக் எல்லாம் வீட்டில் சுட்டது, ஆப்பிள் ஒன்று, சீஸ் ஒன்று, பிளம் பருவத்தில் பிளம். காபிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய் ஊற்றுவது என் வேலை. காபி ஊற்றுகிற ஆளிடம் எல்லாரும் பேசுவார்கள்! எந்த ஊர், குழந்தைகள் உண்டா, குளிருக்குப் பழகிவிட்டதா என்று முதலில் கேட்பார்கள். அடுத்த முறை தங்கள் கதையைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, இன்றைய போலந்திலுள்ள சிலேசியாவிலிருந்து துரத்தப்பட்டு, கையில் ஒரு பெட்டியோடு இங்கே வந்து இறங்கிய சிறுமி ஒருவர், இப்போது தொண்ணூறை நெருங்குகிறார், தன்னையும் இந்த ஊர் பல ஆண்டு அந்நியராகவே வைத்திருந்ததை எனக்குச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தானாகவே முன்வந்து, வியாழக்கிழமை தோறும் என் மகனுக்கு ஜெர்மன் இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். ஒரு சென்ட் வாங்கவில்லை. இன்றைக்கு ஞாயிறு பூசையில் என்னைப் பார்த்துத் தலையசைக்கிற முகங்களில் பெரும்பாலானவை அந்தப் புதன்கிழமைகளில் பழகியவை.

பிள்ளைகளுக்காக ஒன்று: உங்கள் கோயிலை ஒட்டி பங்கு நூலகம் இருக்கிறதா என்று பாருங்கள். பல பங்குகளில் உண்டு, பெரும்பாலும் ஞாயிறு பூசை முடிந்ததும் திறந்திருக்கும். படப்புத்தகம், ஒலிப்புத்தகம், பலகை விளையாட்டு எல்லாம் இலவசமாகவோ மிகக் குறைந்த சந்தாவுக்கோ தருவார்கள். 'பூசை முடிந்ததும் எங்கே நிற்பது' என்று கேட்டீர்களே, அங்கே நில்லுங்கள்.

மகள் மூன்றாம் வகுப்பு, இன்னும் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கவில்லை என்றீர்கள். இதைத் தள்ளிப் போடவே கூடாது. இங்கே புதுநன்மை பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில்தான், பாஸ்கா எனும் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறையோ அதையொட்டிய ஞாயிறுகளையோ வைத்து நடக்கும். ஆயத்தம் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். நகராட்சியில் வீட்டு முகவரி பதியும்போது மகளைக் கத்தோலிக்கர் என்று பதிந்திருந்தால் பங்கிலிருந்து கடிதம் தானாக வரும். வரவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம், பங்கு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். ஃபார்பூரோ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். அங்கே இருக்கும் செயலர் அம்மாதான் பங்கின் சகல விவரமும் தெரிந்தவர், பங்குத்தந்தையைப் பிடிப்பதைவிட அவரைப் பழக்கம் பிடித்துக்கொள்வது நல்லது.

ஆயத்த வகுப்பைக் கன்னியர் நடத்துவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பெற்றோரிடமே கொடுப்பார்கள். மொழி தடுமாறினாலும் நீங்கள் பெயர் கொடுங்கள், இன்னொரு அம்மாவோடு சேர்த்து விடுவார்கள். அப்போது காவல்துறைக் குற்றப்பதிவு இல்லை என்ற சான்றிதழும், சிறுவர் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்பார்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளைகளோடு பழகுகிற எல்லாரிடமும் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். குருக்கள் சிலர் சிறுவர்களுக்குச் செய்த கொடுமைகளும் மேலிடங்கள் அவற்றை மூடி மறைத்ததும் 2018ல் நாடு முழுவதற்குமான ஆய்வறிக்கையிலும், 2021ல் கொலோன் உயர்மறைமாவட்டத்தைப் பற்றிய அறிக்கையிலும் வெளிவந்தன. 2022ல் மட்டும் 5,20,000 பேருக்கு மேல் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து எழுதிக் கொடுத்து விலகினார்கள். நீங்கள் பார்க்கும் வெறும் பெஞ்சுகளுக்கு முதுமை மட்டும் காரணம் இல்லை. மிச்சமிருப்பவர்கள் வெட்கமும் கோபமுமாகத்தான் இதைத் தாங்கி நடத்துகிறார்கள். அவர்களோடு பழகினால் அது தெரியும்.

புதுநன்மை வாங்கியதும் மகள் பீடத்தில் உதவி செய்யலாம், இங்கே பெண் பிள்ளைகள் சரிபாதி. ஜனவரித் தொடக்கத்தில் மூவரசர் உடையில் வீடு வீடாகப் போகும் விண்மீன் பாடகர்களோடு அவளை இந்த ஆண்டே அனுப்பிவிடுங்கள், அதற்குப் புதுநன்மை வாங்கியிருக்க வேண்டியதில்லை. ஒருவர் நட்சத்திரக் கம்பைப் பிடிப்பார், ஒருவர் உண்டியலை. பாட்டுப் பாடி முடித்துக் கதவு நிலையில் சுண்ணக்கட்டியால் ஆண்டின் எண்ணும், நடுவில் C, M, B எழுத்துகளும் எழுதுவார்கள், கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக என்று பொருள். 1959லிருந்து நாடு முழுவதும் ஒழுங்குபடுத்தி நடக்கிறது. சேரும் பணம் உலகமெங்கும் குழந்தைகளுக்கான திட்டங்களுக்குப் போகிறது, இந்தியாவுக்கும் வருகிறது. கூடப் போகப் பெரியவர்கள் எப்போதும் பற்றாக்குறை. உங்கள் கணவரை அதில் சேருங்கள், அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் ஒரே நாளில் அறிமுகமாகிவிடும்.

வரி விஷயத்துக்கு வருகிறேன். வருமானத்தில் 9 சதவீதம் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வருமான வரியில்தான் 9 சதவீதம், பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பர்க்கிலும் 8. மாதம் 500 யூரோ வருமான வரி பிடித்தால் சபை வரி 45 யூரோ. பிள்ளைகள் இருந்தால் கணக்கில் இன்னும் குறையும், ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழிவாகவும் காட்டலாம். விலக நினைத்தால் நம் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் அம்ட்ஸ்கெரிஷ்ட் என்ற உள்ளூர் நீதிமன்றத்தில் 30 யூரோ கட்டி எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் வரி மட்டும் வேண்டாம், பூசை வேண்டும் என்பதை இங்குள்ள ஆயர்கள் ஏற்பதில்லை. 2012ல் வெளியிட்ட ஆணையில், விலகியவர் நற்கருணை போன்ற திருவருட்சாதனங்களைப் பெற முடியாது, ஞானத்தகப்பனாக நிற்க முடியாது, பங்குப் பேரவையில் இருக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மகளின் புதுநன்மைக்கு அது தடை இல்லை. ஆனால் அன்றைக்கு அப்பா அவள் பக்கத்தில் நின்று நற்கருணை வாங்க முடியாது. இந்தச் சட்டம் எனக்கும் கடுமையாகத்தான் படுகிறது. ஆனாலும் நடைமுறை இதுதான் என்று தெரிந்து முடிவெடுக்கட்டும். என் பேச்சைக் கேட்டால் விலக வேண்டாம் என்பேன்.

தமிழ்ப் பூசைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இலங்கைத் தமிழ் மக்கள் அகதிகளாக வந்த காலத்தில் கட்டி வளர்த்தது அது. அவர்கள் பாடும்போது நம் தொண்டையும் திறந்துகொள்ளும். ஆகஸ்டில் கேவலார் திருயாத்திரைக்குக் கட்டாயம் வாருங்கள். டச்சு எல்லைக்குப் பக்கத்தில் சின்ன ஊர், 1642லிருந்து மாதா தலம், உள்ளே வைத்திருக்கும் படம் உள்ளங்கை அளவுதான். அந்த ஒரு நாள் பிரான்ஸ், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வருவார்கள், இந்துக்களும் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பார்கள். தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழா நாளில் இங்கே இருந்து தவிக்கிற எனக்கு அந்த ஆகஸ்ட் பெரிய ஆறுதல்.

ஆனால் அது மாதத்தில் ஒரு நாள், தொலைவும் அதிகம். உடம்புக்கு முடியாமல் படுத்தால் நற்கருணையோடு வீட்டுக்கு வருபவர், மகளை வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வந்து விடுபவர், சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகத் துணிகிற பக்கத்து வீட்டுக்காரர், இவர்களெல்லாம் உங்கள் தெருவைச் சேர்ந்த பங்கில்தான் கிடைப்பார்கள். இரண்டும் வேண்டும். முதலில் பக்கத்துப் பங்கு.

மகளுடைய ஞானஸ்நானச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இன்றைக்கே ஊருக்குப் பேசுங்கள். ஞானஸ்நானம் கொடுத்த பங்கில் அம்மாவோ அண்ணனோ நேரில் போய், முத்திரையோடு புதிதாக ஒன்று எழுதி வாங்கட்டும். முதலில் அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மூலத்தைத் தபாலில் வாங்கிக்கொள்ளலாம். அலுவலகத்தில் படத்தைக் காட்டினாலே பெரும்பாலும் பெயரைப் பதிந்துகொள்வார்கள். போகிற போக்கில் முதியோர் கூடுகைக்கு ஆள் வேண்டுமா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.