ஓய்வூதியமும் சோலைவரியும்

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. யாழ். நகரை அண்டிய ஊரொன்றில், மூன்று பரப்புக் காணியில், சீதனமாகக் கிடைத்த மூன்று அறை ஓட்டு வீட்டில் தனியே இருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் ரொறன்ரோவில். உள்ளூராட்சிச் சபைக்கு வருடா வருடம் கட்டும் வீட்டு வரியான சோலைவரிக்குப் புது மதிப்பீட்டு அறிவித்தல் வந்திருக்கிறது. 30,000 ரூபாவாக இருந்த ஆண்டுப் பெறுமதி 90,000 ஆகியுள்ளது. வரி 8 வீதம். வருடம் 2,400 ரூபா கட்டியவள் இனி 7,200 கட்ட வேண்டும். ஓய்வூதியம் மாதம் 45,000. அதில் பாதி மருந்துக்கே போய்விடுகிறது. ஒழுங்கை முகப்பில் உள்ள இரண்டு தட்டு மாடி வீட்டுக்கு என்னிலும் குறைவாகத்தான் வரி வருகிறதாம். உழைத்து, அதற்கும் வரி கட்டி, மிச்சத்தில் பேணி வந்த வீட்டுக்கு வருடா வருடம் வரி கேட்பது நியாயமா? சொந்த வீட்டில் இருப்பதையே வாடகை வருமானமாகக் கணக்கிட்டு இன்னொரு வரி வரப்போகிறது என்றும் கதைக்கிறார்கள். சபைப் பதிவில் வீடு இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

வாசகி, யாழ்ப்பாணம்

அன்புள்ள ரீச்சர்,

அறிவித்தலைக் கையில் எடுத்ததும் கண்ணில் குத்துவது கட்ட வேண்டிய தொகைதான். நீங்கள் அசைக்கக்கூடியது அதற்கு மேலே இருக்கும் ஆண்டுப் பெறுமதியை. 8 வீதம் என்பது சபை தீர்மானித்து வர்த்தமானியில் போட்டது. அதைத் தனி வீட்டுக்காரர் ஒருவர் எதிர்த்து எழுதிப் பயனில்லை. 90,000 ஐ எதிர்க்கலாம். ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லி எதிர்ப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டால், சபை வரிகளை வாடகைக்காரர் கட்ட, திருத்த வேலைகளை வீட்டுக்காரர் பார்க்க, ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற கணிப்புத்தான் ஆண்டுப் பெறுமதி. மாநகர சபைக்கு 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நகர சபைக்கு 1939 இன் 61 ஆம் இலக்கம், பிரதேச சபைக்கு 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டம் என்று சட்டங்கள் வேறாக இருந்தாலும் அடிப்படை இதுதான். பெறுமதியைக் கணிப்பது அரசாங்க விலைமதிப்பீட்டுத் திணைக்களம். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை என்பது வழமை; நடப்பில் இழுபட்டுக்கொண்டே போகும். வீட்டில் இருப்பவரின் வருமானம் இந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

இப்போது 90,000 ஐப் பன்னிரண்டால் பிரியுங்கள். மாதம் 7,500. மூன்று அறையும் கிணறும் மின்சாரமும் உள்ள வீடு நகரை அண்டி இன்று அந்தக் காசுக்கு வாடகைக்குக் கிடைக்காது. 'பெறுமதி கூடிப்போச்சு' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால், விசாரிக்கும் அலுவலர் 'அப்ப அந்த வாடகைக்கு எனக்குத் தாறீங்களோ ரீச்சர்?' என்று கேட்பார். உங்களிடம் பதில் இராது.

ஆகவே பதிவேட்டில் உங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மதிப்பீட்டுப் பதிவேட்டைச் சபை அலுவலகத்தில் பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டு. வரி மதிப்பீட்டு இலக்கத்தைக் கொண்டு போங்கள். பெறுமதியை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பாமல், கட்டடப் பரப்பு, கூரை, நிலம், மலசலகூடம் உள்ளேயா வெளியேயா, காணி எத்தனை பேர்ச், பாவனை குடியிருப்பா வியாபாரமா என்று விபரம் கேளுங்கள். அந்த விபரத்தாள் அங்கே இல்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவே அவருக்கு 14 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஆட்சேபனைத் திகதி கடந்துவிடக்கூடும். எனவே ஆட்சேபனையை முதலில் கொடுத்து, 'மேலதிக விபரம் கிடைத்ததும் சமர்ப்பிப்பேன்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பிழைகள் பெரும்பாலும் எங்கே இருக்கும் என்றால், முதலாவது காணியளவு. உங்களிடம் மூன்று பரப்பு, அதாவது 30 பேர்ச். சகோதரங்களுக்குப் பிரித்துக் கொடுத்த வளவாக இருந்தால் பதிவேட்டில் பழைய ஐந்து பரப்பு, 50 பேர்ச், ஒரே இலக்கத்தில் அப்படியே கிடக்கலாம். உறுதி பிரிந்தாலும் சபைப் பதிவு தானாகப் பிரியாது. இரண்டாவது, இல்லாத கட்டடம். பின்வளவில் 12 அடிக்கு 14 அடி வெளிக்குசினி ஒன்று இருந்து இடிந்து விழுந்திருந்தால் அது 168 சதுர அடி; பதிவேட்டில் மொத்தம் 1,460 சதுர அடி என்று இருந்தால் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. அதற்காகப் பெறுமதியும் ஒன்பதில் ஒரு பங்கு குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளிக்கட்டடத்தை வீட்டின் கணக்கில் மதிப்பதில்லை, குறைத்துத்தான் போடுவார்கள். இருந்தாலும் கேட்க வேண்டிய பிழை அது. மற்றது ஒழுங்கை. கார் உள்ளே வராத ஒழுங்கை வீட்டுக்கு வாடகை குறைவு. ஆக ஒடுங்கிய இடத்தில் அளநாடாவைப் பிடித்து, அகலம் தெரியப் படம் எடுத்து வையுங்கள். சீமெந்து நிலத்தை மாபிள் என்று பதிந்திருக்கிறார்களா, கிணறு பங்குக் கிணறு என்பது பதிவில் உண்டா என்பதையும் பாருங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வரி மதிப்பீட்டு இலக்கம், பழைய பெறுமதி, புதிய பெறுமதி, பிழை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, கடைசியில் நீங்கள் ஏற்கும் பெறுமதி. இந்தக் கடைசி எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 'குறைத்துத் தரவும்' என்று எழுதினால் 1,000 ரூபாவைக் குறைத்துவிட்டுக் கோப்பை மூடலாம். உதாரணத்துக்கு '72,000 ஆகத் திருத்தவும்' என்று எண்ணைச் சொன்னால் அதை ஏற்கிறோம், இல்லை என்று காரணத்தோடு பதில் சொல்ல வேண்டிவரும். நில அளவைப் படத்தின் பிரதியையும் படங்களையும் இணைத்து நேரில் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். விசாரணைக்கோ வீடு பார்க்கவோ வரும் நாளில் கட்டாயம் நில்லுங்கள். சபையின் முடிவு திருப்தியில்லை என்றால் நீதிமன்றம் போக வழி உண்டு, ஆனால் அதற்கான காலக்கெடு குறுகியது. 7,200 ரூபா வரிக்காக வழக்குப் பேசுவது என் கணக்கில் கட்டுபடியாகாது.

முகப்பு மாடி வீட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆக வலுவாகத் தெரியும் குறை இதுதான். மதிப்பீடு நடந்த பிறகு போட்ட மேல்தட்டு பதிவேட்டுக்கு வரும் ஒழுங்கான வழி, கட்டடம் அனுமதித்த வரைபடப்படி முடிந்தது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழை எடுக்கும் கட்டம். அதை எடுக்காமலே குடிபுகுந்தவர்களின் வீடு ஏட்டில் பழைய ஓட்டு வீடாகவே இருக்கும். வங்கிக் கடன் வேண்டியவர் சான்றிதழ் எடுப்பார், ஏறிய வரியையும் கட்டுவார். வெளிநாட்டுக் காசில் கட்டியவருக்கு வங்கி தேவையில்லை, சான்றிதழும் தேவையில்லை. ஒழுங்காக நடந்தவருக்குத்தான் சுமை. அயலவர் மேல் முறைப்பாடு எழுதச் சொல்லவில்லை. ஒழுங்கைக்குள் தினமும் முகம் பார்க்க வேண்டும். வட்டார உறுப்பினரிடம் வட்டாரம் முழுவதையும் மறுபடி அளக்கும்படி கேளுங்கள்.

அவரிடம் இன்னொரு கணக்கும் கேட்கலாம். மறுமதிப்பீட்டுக்கு முன்னும் பின்னும் சபை எல்லைக்குள் மொத்த ஆண்டுப் பெறுமதி எவ்வளவு? உதாரணத்துக்கு 10 கோடியாக இருந்தது 25 கோடி ஆனது என்று வைப்போம். 8 வீதத்தில் முன்னர் கிடைத்தது 80 இலட்சம். அதே 80 இலட்சத்தை 25 கோடியில் எடுக்க 3.2 வீதம் போதும். அப்படிக் குறைத்திருந்தால் உங்கள் வரி 2,880 ஆகியிருக்கும். பெறுமதி இரண்டு மடங்கு மட்டும் ஏறிய வீடு 2,400 இலிருந்து 1,920 க்கு இறங்கியிருக்கும். மறுமதிப்பீடு என்பது சுமையை வீடுகளுக்கிடையில் திருப்பிப் பங்கிடுவதற்கு. வீதத்தைத் தொடாமல் விட்டால் அது ஓசைப்படாத வரி உயர்வு. சபைக்குக் கூடுதல் காசு தேவை என்றால் தேவைதான், அதை வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லட்டும். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து 2025 மே தேர்தல் வரை அதிகாரிகளின் கையில் இருந்தன. இப்போது கேட்க ஆள் உண்டு.

மதிப்பீட்டை ஒத்திப்போடும் வியாதி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் வீட்டு வரியான கவுன்சில் ரக்ஸ் இன்றும் 1991 ஏப்ரல் 1 ஆம் திகதிப் பெறுமதியில் ஓடுகிறது. உங்கள் பிள்ளைகள் இருக்கும் ஒன்ராறியோவில் 2016 ஜனவரி 1.

இனி, நியாயமா என்ற கேள்வி. ஒழுங்கை விளக்கு, வடிகால், குப்பை உழவு இயந்திரம், நுளம்புப் புகை, சந்தை, நூலகம் எல்லாவற்றுக்கும் ஊரில் யாரோ கட்டத்தான் வேண்டும். வீதி போட்டதும் காணி விலை ஏறுவது காணிக்காரருக்கு. அந்த அளவில் வீட்டு வரியை நான் நியாயம் என்றே சொல்வேன். ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர் தன் கிணற்றைத் தானே வெட்டி, இறைத்து, மலக்குழியையும் தானே கட்டிக்கொள்கிறார். நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இங்கே இல்லை. குழி நிறைந்தால் பவுசருக்குத் தனிக் கட்டணம். கொழும்பு வீட்டுக்காரருக்குக் கிடைப்பதும் எங்களுக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. அங்கே இவ்வளவு என்பதை வைத்து இங்கே வீதம் தீர்மானிப்பது நியாயமில்லை.

கட்டுபடியாகுமா என்பது வேறு கேள்வி. வருடம் 5,40,000 ஓய்வூதியத்தில் 7,200 என்பது நூற்றுக்கு ஒன்றேகாலுக்குச் சற்று மேல். தாளில் பார்த்தால் சிறிது. பாதி மருந்துக்குப் போனபின் மிஞ்சுவதில் பார்த்தால் இரண்டரைக்கு மேல். அடுத்த மறுமதிப்பீடு உண்மையான வாடகையை எட்டி, பெறுமதி 2,40,000 ஆகி, வீதமும் 8 ஆகவே நின்றால் வரி 19,200. அப்போது சிறிது என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கு வயோதிபர்களுக்கு முழு விலக்குக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. பலன் கடைசியில் வீட்டைப் பெறும் பிள்ளைகளுக்குத்தான் போகும். தள்ளிப்போட விடலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதை எட்டியவர் தான் குடியிருக்கும் வீட்டின் வரியை ஒத்திவைக்கலாம். மாகாண அரசு நகர சபைக்குக் கட்டிவிட்டு, வீடு கைமாறும்போது வட்டியோடு எடுத்துக்கொள்ளும். இங்கேயும் உறுதி முடிக்கும்போது சோலைவரி நிலுவையைப் பார்க்கும் வழக்கம் உண்டு, அறவிடும் இடம் ஆயத்தமாகவே இருக்கிறது. சபைக்கு இடைக்காலத்தில் காசு கொடுப்பது யார் என்பதுதான் சிக்கல். காணி, கட்டட வரிகள் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தில் மாகாண சபைகளின் அதிகார நிரலில் இருக்கின்றன. வடமாகாண சபையில் 2018 ஒக்டோபரிலிருந்து தெரிவான உறுப்பினர்கள் இல்லை.

அதுவரை கையில் உள்ள சலுகை கழிவு. முழு வருட வரியையும் ஜனவரி 31 க்குள் கட்டினால் 10 வீதம் கழியும்: 6,480. காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம்: தவணைக்கு 1,710, வருடத்துக்கு 6,840. ஜனவரியில் 4,770 ரூபாவைக் கூடுதலாகப் போட்டுப் பின்னர் கட்ட வேண்டிய 5,130 ஐத் தவிர்க்கிறீர்கள். சராசரியாக ஆறு மாதத்தில் ஏழரை வீதம் இலாபம், வருடக் கணக்கில் 15 வீதத்தளவு. நிலையான வைப்பில் காசு இருந்தால் அதை எடுத்தே கட்டலாம். ஆட்சேபனை கொடுத்திருக்கிறேன் என்று கட்டாமல் இருந்துவிடாதீர்கள். நிலுவை விழுந்தால் வாரண்டுச் செலவும் சேரும், அசையும் சொத்தில் கைவைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆட்சேபனை வென்றால் மேலதிகத்தை அடுத்த தவணைக்கு வரவு வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை கணித்து வருமான வரி எடுக்கும் யோசனை சர்வதேச நாணய நிதியத்துடனான திட்டத்தில் 2024 இல் வெளியே வந்தது. 2025 ஏப்ரலில் தொடங்குவதாகச் சொன்னார்கள். அந்தத் திகதியில் தொடங்கவில்லை. குறிப்பிட்ட பெறுமதிக்குக் கீழே விலக்கு என்பதும் அந்த யோசனையிலேயே இருந்தது. பூட்டிக் கிடக்கும் மாளிகைகளுக்கு அதில் நியாயம் இருக்கலாம். நீங்கள் இருக்கும் வீட்டுக்கு இல்லை: அதே கற்பனை வாடகையில் சபை ஏற்கெனவே தன் பங்கை எடுத்துவிடுகிறது.

கடைசியாக அப்பாவின் பெயர். இதை இந்த வருடமே மாற்றுங்கள். சீதன உறுதியின் பிரதி, காணிப் பதிவகத்துப் பிரதி, நில அளவைப் படம், அடையாள அட்டைப் பிரதி, அப்பாவின் மரணச் சான்றிதழ், நிலுவையில்லாப் பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு சபையில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருப்பதால் உரித்து வந்துவிடாது, இல்லாததால் போய்விடவும் மாட்டாது. ஆனால் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருட எதிரிடை ஆட்சி என்று ஒன்று உண்டு: உரித்தாளருக்கு எதிராக அவ்வளவு காலம் காணியைத் தன்னுடையதாக ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். பிள்ளைகளிடம் போய் வருடக்கணக்கில் நிற்கும்போது வீட்டைப் பார்ப்பவர் தன் பெயரில் வரியைக் கட்டிப் பற்றுச்சீட்டைச் சேர்த்து வைத்தால், பின்னர் வழக்கில் அதைச் சான்றாகத் தூக்கிக்கொண்டு வரலாம். யார் கையால் கட்டினாலும் சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வேறொருவரைக் கொண்டு அலுவல் பார்ப்பதாக இருந்தால் அவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தில் சோலைவரி கட்டுவதையும் ஆட்சேபனை செய்வதையும் தனி வரியாக எழுதுவியுங்கள்.