மனிதக் கண் ஒளியை உணர்வதைக் கணினியில் எப்படி சிமுலேட் செய்கிறார்கள்?

விழித்திரையில் ஒளி பட்டால் எந்த செல் எவ்வளவு தூண்டப்படும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இந்த சிமுலேஷன். அங்கே மங்கலில் வேலை செய்யும் குச்சி செல்கள் சுமார் 12 கோடி, நிறம் காட்டும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம்.

கூம்பில் மூன்று வகை. ஒவ்வொரு அலைநீளத்திலும் வரும் ஒளியின் அளவை, அந்த வகைக் கூம்பு அதில் பிடிக்கும் பங்கோடு பெருக்கிக் கூட்டினால் வகைக்கு ஒரு எண் கிடைக்கும். நிறத்துக்கு அந்த மூன்று எண்கள்தான் ஆதாரம். போன் திரையின் மஞ்சளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும்தான் இருக்கும். நிஜ மஞ்சள் ஒளி தரும் எண்களோடு இவை தரும் எண்கள் ஒத்துப்போவதால் கண் ஏமாந்துவிடுகிறது!

இருட்டில் கதை வேறு. ஒளி அப்போது தூறல் மாதிரி, ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒவ்வொன்றாக விழுகிறது. அடைமழையில் இரண்டு கிண்ணங்களை வைத்தால் ஒரே அளவு நீர் சேரும். தூறல் தொடங்கும்போதோ ஒன்றில் மூன்று துளி, பக்கத்துக் கிண்ணம் காலி. இந்தத் தற்செயலையும் கணக்கில் சேர்க்காவிட்டால் சிமுலேஷனின் இருட்டு நிஜத்தைவிடத் துல்லியமாக வந்துவிடும்.

அப்புறம், கூம்புகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று பலரும் நினைக்கிறார்கள். 'சிவப்பு'க் கூம்பு அதிகம் தூண்டப்படுவது சுமார் 560 நானோமீட்டர் அலைநீளத்தில். அது மஞ்சள் கலந்த பச்சை.